சிட்டுக்குக் கை நீளம்

அத்தியாயம் 7

பெரிய டாக்டரின் ஷூவைப் பார்த்த மறுநொடியே திருடன் யார் என்று வாலுக்குத் தெரிந்துவிட்டது. என்ன திருடு போனது என்று இன்னும் தெரியாது. அதனால் என்ன? அந்த ஷூ அப்படிப் பளபளத்தது. குனிந்தால் அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்; கடற்கரையில் கழற்றி வைத்தால் கப்பல்கள் வழி கண்டுபிடித்து வந்துவிடும். அப்படி ஒரு ஷூ போட்டவன் யோக்கியனாக இருந்ததாக உலக சரித்திரத்தில் எங்குமே இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சியம், டாக்டர் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்து, "வா கண்ணாடி! அப்படியே இருக்கியே!" என்று வரவேற்றது.

வரவேற்றது வாலை அல்ல. வாலின் மனைவியை.

காணாமல் போன கன்றுக்குட்டியிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரை எதையும் மூன்றே கேள்வியில் கண்டுபிடித்துவிடும் துப்பறியும் பெண்மணி அவள். 'பூதக்கண்ணாடி' என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு அலையும் புருஷனுக்கு 'வால்' என்ற பெயர் தானாக முளைத்துவிட்டது. தொழில் நேரத்தில் அவள் பாஸ், அவன் வால். வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் 'ஏங்க', 'ஏம்மா' எல்லாம். இது கல்யாணமான புதிதில் போட்ட உடன்படிக்கை. இன்றுவரை ஒருவரும் மீறியதில்லை.

பூதக்கண்ணாடி என்ற அந்தப் பட்டப்பெயரைத் தானே மூளையைக் கசக்கி வைத்ததாக வால் இத்தனை வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால், பெயரில் பாதியை இந்த ஆசாமி பள்ளிக்கூடத்திலேயே வைத்து முடித்திருக்கிறான். தன் பங்கு வெறும் பூதம் மட்டும்தான் என்று தெரிந்ததும் வாலுக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அங்கேயே ஒரு கட்டில் போட்டு அவனை அட்மிட் செய்திருக்கலாம். வந்திருந்த இடமும் அதற்குத் தோதுதான். தீக்காய வார்டு.

"ஒரே வகுப்பா?" என்று கேட்டான் வால், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பக்கத்து பெஞ்சு," என்றார் டாக்டர் பூரித்துப்போய்.

"விஷயத்துக்கு வாங்க," என்றாள் பாஸ்.

டாக்டர் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைக் குழாயை எடுத்துக் காட்டினார். பல் விளக்கும் பேஸ்ட் குழாய் மாதிரிதான் இருந்தது. "இது காயத்துல தடவற மருந்து. வெள்ளி கலந்தது. ஆனை விலை. என் வார்டுல ஜன்னல் பக்கம் ஆறு கட்டில், சுவர்ப் பக்கம் ஆறு கட்டில். ரெண்டு பக்கமும் காயம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா ஜன்னல் பக்கம் மட்டும் ரெண்டு மடங்கு குழாய் தீருது."

"ஜன்னல் வழியா பறந்திருக்கும்," என்றான் வால்.

டாக்டர் அதைக் கேட்காத மாதிரி தொடர்ந்தார். "வருஷம் பூராவுக்கும் ஒதுக்கின மருந்துப் பணம் பாதி வருஷத்துலயே காலி. இனிமே வர்ற நோயாளி மருந்தை வெளியில வாங்கிட்டு வரட்டும்ங்குது நிர்வாகம். இங்க வர்றவங்க எல்லாம் அடுப்பு, பாய்லர், வெல்டிங்னு வேலை பாக்கறவங்க. எங்கே போய் வாங்குவாங்க?"

"ஜன்னல் பக்கத்துக்கு யார் பொறுப்பு?"

"புதுசா வந்த நர்ஸ். சிட்டுன்னு கூப்பிடுவாங்க. சுவர்ப் பக்கம் பெரியக்கா, ரொம்ப வருஷ சர்வீஸ். மருந்து எதுன்னு நான் எழுதுவேன். எத்தனை குழாய்ங்கறது கட்டு போடற நர்ஸோட கணக்கு. சிட்டு திருடி விக்கிறான்னு நிர்வாகம் முடிவே பண்ணிடுச்சு. சாயங்கால ரவுண்டுக்குள்ள வேற விளக்கம் கிடைக்கலைன்னா அவ வேலை போகும், போலீஸும் வரும். எனக்கு மனசு ஒப்பல. உன் கண்ணு தப்பாதுன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன், கண்ணாடி."

"டாக்டர்கள்லகூட சில பேர் கமிஷன் வாங்குவாங்களாமே?" என்று வால் கூரையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டான். "மருந்து அதிகமா தீர்ந்தா கம்பெனிக்காரன் ஷூவெல்லாம் வாங்கித் தருவானாம்."

"இது என் மாமனார் வாங்கிக் குடுத்தது."

"மாமனாரா!" வாலின் முகத்தில் பளிச்சென்று விளக்கெரிந்தது. "அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

வாலின் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான். கல்யாணமானவன் அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று எந்த அரசாங்கமும் இதுவரை சட்டம் போடவில்லையே!

பெரியக்கா வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவை அடைத்து நிற்கிற உடம்பு. கை என்றால் கை, முறம். அந்தக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் கட்டிலோடு சேர்ந்து காய்ச்சலும் ஓடிப்போகும்.

வால் நின்று களைத்தவனாக, சுவரோரம் கிடந்த துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"அவளுக்குக் கை நீளம்," என்றாள் பெரியக்கா எடுத்த எடுப்பிலேயே. "நிர்வாகத்துக்கிட்ட சொன்னதே நான்தான். இங்கேயும் சொல்றேன், எங்க வேணா சொல்றேன்."

"திருடினதை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் பாஸ்.

"பாக்கணுமா? குழாய் போற போக்கு தெரியலையா? ஆளைப் பாருங்க, ஊதினா பறந்துடுவா. கையைப் பாருங்க, கோழிக்குஞ்சு கால் மாதிரி. அந்தக் கையை வச்சு அளந்தா கடல் தண்ணிகூடப் பத்தாது!"

"கை நீளம்ங்கறீங்க, கோழிக்குஞ்சு கால்ங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா," என்றான் வால். "போலீஸ்காரர் விலங்கு எடுத்துட்டு வரணுமில்ல? சைஸ் கேப்பாரு."

பெரியக்கா அவனை முறைத்தாள். அந்த நேரம் பார்த்து வார்டுக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது: "சிட்டும்மா வரலையா? கட்டு பிரிக்கிற நேரமாச்சே!"

பெரியக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் நறுக்கென்று தானாக மூடிக்கொண்டது.

"விடிஞ்சா இதே பாட்டு," என்றாள். "சிட்டு வந்தாளா, சிட்டு எங்க, சிட்டு சாப்பிட்டாளா. நாங்கள்லாம் இங்க இத்தனை வருஷமா அம்மிக்கல்லு மாதிரி கிடந்தோம் போல."

பெரியக்காவின் குரலில் இருந்த ஏதோ ஒன்று வாலுக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. எங்கே கேட்டோம் என்று யோசித்தான். அதற்குள் பெரியக்கா, "யோவ்! எந்திரி! அது ஜன்னல் பக்கத்து அழுக்குத் துணி!" என்று போட்ட சத்தத்தில் துள்ளி எழுந்தான்.

புத்தம் புதுக் கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் இரண்டு பெரிய வெள்ளை நிலவுகள் உதித்திருந்தன.

"பாஸ்! என்மேல சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க!"

பாஸ் அவன் பின்பக்கத்தை ஆர்வத்தோடு ஆராய்ந்தாள். கட்டிய மனைவிகூட நாலு பேர் நடமாடும் இடத்தில் அப்படி ஆராயக்கூடாது. பிறகு பக்கத்தில் கிடந்த சுவர்ப் பக்கத்து மூட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தாள். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கறை.

"வால், இந்தக் கால்சட்டையைத் துவைச்சுடாதே. இது சாட்சி."

"சாட்சி சொல்ல வேண்டியது நானா, என் கால்சட்டையா?"

"அதுதான் உன்னைவிடச் சுருக்கமா பேசுது."

சிட்டு கட்டு போடும் சாமான்கள் வைத்திருந்த அறையில் நின்றிருந்தாள். மருந்து அலமாரிச் சாவியைக் காலையிலேயே பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போல அவ்வளவு சின்ன உருவம். அழுது அழுது மூக்கு மட்டும் பெரிதாகியிருந்தது.

"வேலை போனாக்கூட வேற ஆஸ்பத்திரி பாத்துக்குவேன் மேடம். திருடின்னு பேரு வந்துட்டா, எந்த ஆஸ்பத்திரி என் கையில காயத்தைக் குடுக்கும்?"

வால் சங்கடத்தில் மேஜை மேலிருந்த கையுறைப் பெட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்து மாட்டினான். அது மூன்று விரலுக்கு மேல் நகர மறுத்தது. கழலவும் மறுத்தது.

"இது குழந்தைங்களுக்கு வாங்கினதா?"

"எனக்கு வாங்கினது சார். மத்த சைஸ் எதுவும் என் கையில நிக்காது."

"மருந்து எவ்வளவு எடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுவே?" என்று கேட்டாள் பாஸ்.

"உள்ளங்கைக்கு ஒண்ணு மேடம். விரலோட சேர்த்து, காயம் எத்தனை உள்ளங்கை அளவோ அத்தனை குழாய். பெரியக்கா சொல்லிக்குடுத்தது. எடுத்ததைப் பூராவும் தடவிடுவேன். மிச்சம் வச்சா வீணாப் போயிடுமே."

"உன் பக்கத்துல பெரிய காயம் யாருக்கு? அவருக்கு எத்தனை?"

"பாய்லர் வெடிச்சு வந்தாரே, அந்தப் பாய்லர்காரருக்கு மேடம். முதுகு, தொடை எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு."

பாஸ் தலையை மட்டும் ஆட்டினாள். வாலுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். அவள் மனதுக்குள் எங்கேயோ பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டால் சொல்ல மாட்டாள். ஆனால் நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போய், கதவை ஒருக்களித்துக்கொண்டு அவர் காதில் மட்டும் என்னமோ சொன்னாள். டாக்டர் சிரித்தார். வால் வெளியே நின்று, கழலாத கையுறையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கூடவே வருகிறவனுக்குத் தெரியாத ரகசியம், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு! பாய்லரில் கூட அவ்வளவு ஆவி இருந்திருக்காது.

வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் பாய்லர்காரர் குப்புறப் படுத்திருந்தார். ஆள் மலை. அந்த மலையில் நெருப்பு ஓடிய தடம்.

"இன்னிக்கு இவருக்கு நீங்க கட்டு போடுங்க," என்றார் டாக்டர் பெரியக்காவிடம். பாஸும் வாலும் சிட்டுவும் ஓரமாக நின்றார்கள்.

"சிட்டும்மாவே போடட்டுமே டாக்டர்," என்று தலையணைக்குள்ளிருந்து முனகினார் பாய்லர்காரர். "அது பிரிச்சா பூ உதிர்ந்த மாதிரி இருக்கும். இந்தம்மா பிரிச்சா துணியோட சேர்ந்து என் உயிரும் கிளம்பிடும்."

பெரியக்கா கையுறை வந்த உறைக் காகிதம் ஒன்றை எடுத்தாள். பாய்லர்காரரின் வலது கையைப் பிடித்துக் காகிதத்தின் மேல் விரித்து வைத்தாள். பென்சிலால் சுற்றிலும் கோடு இழுத்து, கத்தரித்து எடுத்தாள். அந்தக் காகிதக் கையைக் காயத்தின் மேல் தொடாமல் பிடித்துப் பிடித்து நகர்த்தினாள்.

"எட்டு," என்றாள்.

"சிட்டு பதினஞ்சு சொன்னா," என்றாள் பாஸ். "அதே முதுகு, அதே தொடை. சிட்டு, இங்க வாம்மா. அந்தக் காகிதத்து மேல உன் கையை வை."

சிட்டு வைத்தாள். அப்பாவின் கட்டிலில் குழந்தை படுத்த மாதிரி, அந்தப் பெரிய காகிதக் கையின் நடுவில் அவளுடைய கை பாதி இடத்தைத்தான் நிரப்பியது.

"நீ யார் உள்ளங்கையால அளப்பே?"

"என்... என் கையாலதான் மேடம். உள்ளங்கைக்கு ஒண்ணுன்னுதான் அக்கா சொன்னாங்க. யாரோட உள்ளங்கைன்னு சொல்லல. நானும் கேக்கல."

எப்படிக் கேட்பாள்? 'கை கழுவிட்டு வா' என்றால் யார் கையை என்று நம்மில் யார் கேட்டிருக்கிறோம்? அவரவர் கையைத்தானே கழுவுகிறோம்!

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடி நடைபாதை வரை கேட்டது. "நோயாளியோட உள்ளங்கை! தீக்காயத்துல முதல் பாடமே அதுதானே! நான் கேட்டேனா? நான் குழாயைத்தானே எண்ணிட்டிருந்தேன்!"

"ஆக, ஒரு குழாய்கூட ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகல," என்றாள் பாஸ். "எல்லாம் காயத்து மேல அப்பி, கட்டுல நனைஞ்சு, போர்வையில ஊறி, கடைசியா என் அசிஸ்டென்ட்டோட பின்பக்கத்துல வந்து நிக்குது. வால், திரும்பு."

வால் திரும்பினான். வெள்ளை நிலவுகள் சாட்சியம் அளித்தன.

"சிட்டுக்குக் கை நீளம் இல்ல டாக்டர். கை குட்டை."

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த அழுகை வேறு ஜாதி. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியக்கா காகிதக் கையை மடித்துக்கொண்டே, "சொல்ல விட்டுப்போச்சு போல," என்றாள். "இருக்கிற வேலையில எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

"போகட்டும் விடுங்க," என்றார் டாக்டர்.

எல்லாம் சுபம். பாஸ் பையை எடுக்கச் சொல்லிக் கண் காட்டினாள். ஆனால் வால் எடுக்கவில்லை. பெரியக்காவின் குரலை எங்கே கேட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து தன் சொந்த வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற குரல் அது.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றான். "காலையில நாங்க வந்தப்போ, 'அந்தக் கையை வச்சு அளந்தா கடல் தண்ணிகூடப் பத்தாது'ன்னீங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்போ அளவுங்கற பேச்சையே யாரும் எடுக்கலியே. அவ தன் கையை வச்சுத்தான் அளக்கறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வார்டில் ஈ பறந்தால் கேட்கும். ஈ கூட நின்று கவனித்தது.

பாஸ் மெல்லத் திரும்பி வாலைப் பார்த்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அப்படி ஒரு பார்வையை அவன் பார்த்ததில்லை.

பெரியக்காவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "வந்த முதல் வாரமே பாத்துட்டேன்," என்றாள் கடைசியில். "சொல்ல வாயைத் திறந்தேன். அப்பத்தான் ஒருத்தர் 'இந்தப் பொண்ணு கை ராசியான கை'ன்னாரு. எனக்கு அப்படி ஒருத்தரும் சொன்னதில்ல டாக்டர். ஒருத்தரும். சரி, குழாய் தீரட்டும், தானா மாட்டிக்குவான்னு வாயை மூடிக்கிட்டேன். மாட்டலைன்னதும் நானே போய்ச் சொன்னேன்."

"அக்கா..." என்றாள் சிட்டு.

"என் மனசுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பெரியக்கா வாலைக் கேட்டாள்.

"பாம்பின் கால் பாம்பறியும்க்கா," என்றான் வால். "காலையிலேர்ந்து நான் இந்த டாக்டர்தான் திருடனா இருக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. ஷூ மட்டும் தொடர்ந்து பளபளத்தது.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க," என்றாள் பாஸ் பெரியக்காவிடம், கொஞ்சம் மெதுவாக. "அவ பிரிச்சா ஏன் வலிக்கல? ரெண்டு மடங்கு மருந்து அப்பியிருந்தா துணி எப்படிக் காயத்துல ஒட்டும்? காயம் அதால சீக்கிரம் ஆறிடல. துணி வழுக்கிட்டு வந்துச்சு, அவ்வளவுதான். முதல் வாரமே நீங்க திருத்தியிருந்தா, அவ கட்டும் உங்க கட்டு மாதிரியே ஒட்டியிருக்கும். அவ கை ராசியில பாதி, மூடியே இருந்த உங்க வாயோட ராசி."

பெரியக்கா பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலி ஐயோ என்றது. அடுத்தவள் வீட்டு விளக்கை அணைக்க நினைத்துத் தானே எண்ணெய் ஊற்றி வளர்த்திருக்கிறாள்!

"அந்த மீதிப் பாதி?" என்று கேட்டது தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல். பாய்லர்காரர்தான். "இனிமே ரெண்டு பேருமா சேர்ந்து என் தோலை உரிப்பீங்களா?"

"நான் உப்புத்தண்ணியில நல்லா நனைச்சு, ஊறின பிறகுதான் பிரிப்பேன்ணே," என்றாள் சிட்டு. "மருந்து குறைஞ்சாலும் அதை விடமாட்டேன்."

"அதுக்கு நிர்வாகம் எவ்வளவு ஒதுக்கணும்?" என்றான் வால்.

"பொறுமைதான் ஒதுக்கணும்," என்றார் டாக்டர். பிறகு பெரியக்காவிடம் திரும்பினார். "நிர்வாகத்துக்கிட்ட நாம ரெண்டு பேரும் இப்பவே போறோம். கை நீளம்னு சொன்ன அதே வாயால, என்ன நடந்ததுன்னும் நீங்களே சொல்லணும். அப்புறம் உங்களை என்ன பண்றதுன்னு அவங்க சொல்லட்டும்."

பெரியக்கா தலையாட்டி எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, மடித்து வைத்திருந்த காகிதக் கையைச் சிட்டுவின் முன் நீட்டினாள். "எட்டுக் குழாய். ஒண்ணுகூடக் கூடாது." இரண்டடி போய் மறுபடியும் நின்றாள். "தண்ணியில எவ்வளவு நேரம் ஊறணும்?"

"வந்ததும் காட்டறேன்க்கா," என்றாள் சிட்டு. டாக்டரின் சட்டைப்பையிலிருந்து அலமாரிச் சாவி அவள் கைக்குத் திரும்பி வந்தது. சின்னக் கைதான்; ஆனால் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் போகிற போக்கில், "ரொம்ப நன்றி, கண்ணாடி!" என்று தன் கையை நீட்டினார்.

பாஸும் கையை நீட்டினாள். ஆனால் இரண்டு கைகளும் சந்திக்கவே இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூன்று விரலில் தொங்கும் கையுறையோடு ஒரு கை பாய்ந்து வந்து டாக்டரின் கையைப் பற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது. டாக்டரின் தோள்பட்டை அன்று தப்பித்தது மருத்துவ அதிசயம்.

வீட்டுக்கு நடந்தார்கள். பின்பக்க நிலவுகளைப் பையால் மறைத்துக்கொண்டு வந்தான் வால்.

"பாஸ், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஆள் உங்களுக்குக் கண்ணாடின்னு ஏன் பேர் வச்சான்?"

"பரீட்சையில என்னைப் பாத்துத்தான் எழுதுவான். 'கண்ணாடி, கொஞ்சம் நகர்ந்து உக்காரு, விடை மறைக்குது'ம்பான். அதான்."

வால் நடுத்தெருவில் நின்றுவிட்டான். முகமெல்லாம் மத்தாப்பு. "அப்ப நான் காலையிலேயே சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்! திருடன்!"

அவள் வீட்டு வாசலை மிதிக்கிற வரை காத்திருந்தாள். பிறகு திரும்பி, அவன் விரல்களிலிருந்து அந்தக் கையுறையை மெல்ல உருவி எடுத்தாள்.

"ஏங்க."

"என்னம்மா?"

"நான் அவருக்குப் பக்கத்துல நின்னேன். நீங்க கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னீங்க. என் கை போறதுக்குள்ள உங்க கை எப்படிப் போச்சு?"

வால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி பூரா தேடினோமே," என்றாள் அவள் கதவைத் திறந்துகொண்டே. "உங்களுக்குத்தாங்க கை நீளம்."